எங்க ஊரைக் கேட்டது போதும், எழுத்தைக் கேளு

தமிழ்ல நாவலாசிரியர்களைப் பேட்டி எடுக்க ரெண்டு கேள்வித்தாள் இருக்கு. ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணு நமக்கு. அவங்களுக்கான தாளில் இப்படி இருக்கும்: இந்த நாவலின் வடிவத்தை எப்படிக் கண்டடைந்தீர்கள்? உங்கள் மொழியைப் பாதித்தவர்கள் யார்? எத்தனை முறை திருத்தி எழுதினீர்கள்? நமக்கான தாளில் முதல் கேள்வி: உங்கள் பின்புலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ரெண்டாவது: சிறுவயதில் நீங்கள் சந்தித்த அவமானங்கள்? மூணாவது: நாவலில் வருவதெல்லாம் உண்மையில் நடந்ததா? நாலாவது கேள்விக்கு நேரம் இருக்காது. டீ வந்துடும்.

இது ஏதோ பேட்டி எடுக்கிறவரோட அறியாமைன்னு விட்டுட முடியாது. ஊரும் சேரியும் எப்படிப் பிரிஞ்சு கிடக்கோ, அப்படியே இலக்கியத்துக்குள்ளயும் ஒரு வேலைப் பிரிவினை நடந்திருக்கு. சிந்திக்கிறது அவங்க, அனுபவிக்கிறது நாம. படைக்கிறது அவங்க, பதிவு பண்றது நாம. அவங்க எழுதினா கலை, நாம எழுதினா வாழ்க்கை. அந்த 'வாழ்க்கை'ங்கிற சொல்லை மாலை மாதிரி நம்ம கழுத்துல போடுறாங்க. 'அப்படியே வாழ்க்கையை எழுதியிருக்கிறார்' என்று ஒரு முன்னுரைக்காரர் பாராட்டினால், அந்தப் பாராட்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'இவருக்கு எழுதத் தெரியாது, இருந்தாலும் நெஞ்சைத் தொடுகிறது' என்று அடியில் எழுதியிருக்கும்.

முதுகலைத் தமிழ் படித்த காலத்தில் ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். காலையில ஒரு நாவலாசிரியர், மத்தியானம் ஒரு நாவலாசிரியர். காலையில் வந்தவர் நிலவுடைமைச் சாதிக்காரர். தொன்மம், படிமம், கதைசொல்லியின் குரல் என்று அவரோடு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அவருக்கு எந்த ஊரு, எத்தனை ஏக்கர், அதுல யாரு பாடுபட்டாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. மத்தியானம் வந்தவர் நம்ம ஆளு. மூணு நாவல் எழுதியவர். முதலில் எழுந்த பேராசிரியர், 'உங்க ஊர்ல இன்னும் ரெட்டை டம்ளர் இருக்குங்களா?' என்று கேட்டார். இருக்குன்னார். கூட்டம் உச்சுக் கொட்டுச்சு. அடுத்த கேள்வியும் ஊரைப் பத்தித்தான், அதுக்கடுத்ததும் அப்படித்தான். நாவலாசிரியராக வந்த மனுசன், விசாரணைக் கமிஷனில் வாக்குமூலம் கொடுத்தவராகத் திரும்பிப் போனார். அவரோட மூணு நாவலும் மேசை மேல அடுக்கியபடியே இருந்துச்சு. புத்தகத்தைப் புரட்ட அவங்களுக்கு அவசியமே வரல. ஆளையே புரட்டியாச்சே!

எதை இழக்கிறோம் என்று தெரிந்தால்தான் இந்தக் கோபம் வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை என்பது விளங்கும். 'கருக்கு' 1992ல் வந்தது. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அதைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளுக்குத் 'தலித் வாழ்வியல்', 'வலிகளும் வடுக்களும்' என்றே தலைப்பு வைக்கிறார்கள். அதெல்லாம் அந்தப் புத்தகத்துல இல்லாமலில்லை. ஆனா அதுல ஒரு காட்சி உண்டு, படிச்சவங்க மறக்க மாட்டாங்க. பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வரும் சிறுமி, நம்ம தெருப் பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்தைக் கையால தொடாம, கட்டியிருந்த கயித்தைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போய் நிலக்காரரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கல. வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்டச் சொல்லிச் சிரிக்கிறா. அண்ணன் சிரிக்கல. எதுக்காகக் கயித்தைப் பிடிச்சுத் தூக்கினார்ங்கிறதைச் சொல்றான்.

இந்தக் காட்சியில் வலி இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு ஆய்வாளர் வேண்டியதில்லை. கேட்க வேண்டியது வேற. சிரிப்பு ஏன் முன்னாடி வருது? காரணம் ஏன் பின்னாடி வருது? எங்கள் ஊரில் தீண்டாமை இருந்தது என்று அறிவித்துவிட்டு ஆரம்பித்திருந்தால், வாசகர் தன் வழக்கமான அனுதாபத்தைத் தயாராக எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருப்பார். பாமா அவரையும் சேர்த்துச் சிரிக்க வைக்கிறார். சிரிச்ச வாய் மூடுறதுக்குள்ள காரணம் வந்து விழுது. பிள்ளைக்கு விழுந்த அடி படிக்கிறவருக்கும் விழுது. எதை முதல்ல சொல்லணும், எதை நிறுத்தி வைக்கணும்ங்கிற வரிசையிலதான் அந்த அடியோட பலமே இருக்கு. வரிசை வாழ்க்கையிலிருந்து தானாக வந்துவிடாது. எழுதுகிறவர் தீர்மானிக்க வேண்டும்.

புத்தகம் முழுக்கவே பிறந்தேன், வளர்ந்தேன், படித்தேன் என்று நேர்கோட்டில் போகிறதில்லை. வேலை, விளையாட்டு, படிப்பு, சாமி நம்பிக்கை என்று ஒரே வாழ்க்கையை மறுபடி மறுபடி வேற வேற பக்கத்திலிருந்து வந்து தொடுது. 1994ல் வந்த 'சங்கதி'யில் தனிக் கதாநாயகியே கிடையாது. பல பொம்பளைங்களோட குரல் கூடித்தான் புத்தகம். 'நான்' என்று தொடங்கிய எழுத்தாளர் அடுத்த புத்தகத்திலேயே அந்த 'நானை'க் கூட்டத்துக்குள் கொண்டுபோய்க் கலந்தது ஏன்? இது வடிவம் பற்றிய கேள்வி, அரசியல் பற்றிய கேள்வியும்கூட. ஆனா கேக்க மாட்டாங்க. மனக்காயம் ஆற எழுதினேன் என்று பாமா ஒரு தடவை சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு, முப்பது வருசமா அந்தக் காயத்தையே தடவிக்கிட்டு இருக்காங்க. காயம் ஆற எழுதுறவங்களுக்குக் கைவேலை தெரியாதுன்னு யார் சொன்னது?

மொழி விசயத்துக்கு வருவோம். பாத்திரங்கள் பேசும்போது மட்டும் பேச்சுத்தமிழை அனுமதித்து, கதைசொல்லியின் குரலைச் 'சுத்தமான' தமிழில் வைத்துக்கொள்வது பழைய ஏற்பாடு. வாசல் வரைக்கும் வா, அடுப்படிக்கு வராதேங்கிற அதே ஏற்பாடுதான். கி. ராஜநாராயணன் கதைசொல்லியின் மொழியையே கரிசல் பேச்சாக்கினார். அவரையும் பண்டிதர்கள் முதலில் முறைத்தார்கள். ஆனால் சீக்கிரமே அது 'வட்டார வழக்கின் அழகு' ஆகிவிட்டது. அவருக்குச் சாகித்திய அகாதமி விருது 1991ல் வந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இருக்கை கிடைத்தது. 2021ல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையும் கிடைத்தது. அவருக்குக் கிடைத்ததில் நமக்கு எரிச்சல் ஒன்றுமில்லை, எல்லாம் தகும். ஆனா அதே காரியத்தைச் சேரித் தமிழில் பாமா செய்தபோது அது 'கொச்சை'. கரிசல் மண்ணுக்கு வாசனை உண்டு, சேரி மண்ணுக்கு நாத்தம் மட்டும்தானா? மொழியில் செய்த ஒரே மீறல், ஒருத்தருக்கு நடையாகவும் இன்னொருத்தருக்குப் படிப்பறிவுக் குறையாகவும் தெரியுதுன்னா, கோளாறு கண்ணுல இருக்கு.

பூமணியின் 'வெக்கை' இன்னொரு சாட்சி. 1982ல் வந்தது. கொலை செய்துவிட்டு ஓடும் ஒரு சிறுவனில் தொடங்கி, அப்பனும் மகனும் காடுகரைகளில் ஒளிந்து திரியும் சில நாட்களின் கதை. அந்த நாவல் சாதியை உரக்கச் சொல்வதில்லை. நிலம், தண்ணி, பசி, பயம், அப்பன் மகன் பேச்சு இவ்வளவுதான். சொல்லாம விட்டதுதான் அந்த நாவலோட சூடு. 2019ல் 'அசுரன்' படமாக வந்தபோது, நாவல் அடக்கி வைத்திருந்தவற்றைத் திரை வெளியே எடுத்துச் சொன்னது. அது சினிமா தேர்ந்த வழி. ஆனால் படம் வந்த பிறகு எத்தனை பேர் நாவலிடம் போய், ஏன் நீ அடக்கி வைத்தாய் என்று கேட்டோம்? கத்துறதுதான் தலித் எழுத்துன்னு வகுத்து வச்சவங்களுக்கு, வாயைக் கட்டிக்கிட்டுச் சொல்ற கலை கண்ணுல படாது. யாழ்ப்பாணத்து கே. டானியல் 1972ல் 'பஞ்சமர்' நாவலைக் கொண்டுவந்தபோது இதற்கு நேர்மாறான குற்றச்சாட்டு: பிரச்சாரம், கலை இல்லை. பேசினா பிரச்சாரம், பேசாட்டிப் பின்புலம் சொல்லு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருக்கு.

நாவலாசிரியர் தன்னைப் பற்றியும் தன் எழுத்தைப் பற்றியும் யோசிப்பது என்றால் என்ன என்பதற்குத் தமிழில் உடனே எடுத்துக்காட்டப்படும் நாவல் 1981ல் வந்த சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளரின் சிந்தனைகள். அதைப் பேசாத சிற்றிதழ் இல்லை. இன்னொரு 'குறிப்பு'ம் தமிழில் இருக்கு. சிவகாமி 1989ல் 'பழையன கழிதலும்' எழுதினார். ஆதிக்க சாதிக்காரர்களால் அடித்து நொறுக்கப்பட்ட தங்கம் என்ற பெண்ணும், அவளுக்கு நியாயம் கேட்டுக் கிளம்பி அவளையே சுரண்டும் தலித் தலைவர் காத்தமுத்துவும், அந்த அப்பனைப் பார்த்துக்கொண்டே வளரும் மகள் கௌரியும் உள்ள நாவல். நம்ம தலைவரையே தோலுரிச்சுட்டாங்கன்னு நம்ம ஆட்களே கோபப்பட்டார்கள். பிறகு தொண்ணூறுகளிலேயே 'ஆசிரியர் குறிப்பு' என்று இரண்டாவது பகுதியை எழுதினார். அதில் நாவலாசிரியரே பாத்திரம். எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு, தன் ஊருக்கும் தன் பிள்ளைப் பிராயத்துக்கும் திரும்பிப் போகிறார். எந்த உண்மையை மாற்றினேன், யாரைக் கூட்டினேன், யாரைக் குறைத்தேன், எதற்காக என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்கிறார். 2006ல் அவரே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ரெண்டு பகுதியும் ஒரே புத்தகமாக வந்தது.

வாழ்க்கை எப்படிக் கதையாகிறது, அப்படி ஆகும்போது யாருக்கு அநியாயம் நடக்கிறது என்பதைத் தமிழில் இவ்வளவு நேராக மோதிப் பார்த்த நாவல்கள் குறைவு. ஆனால் அவங்க குறிப்பு தத்துவம், நம்ம குறிப்பு பின்னிணைப்பு. கற்பனை எழுத்தாளரின் மனச் சஞ்சலத்துக்குக் கொடுத்த பக்கங்களில் கால்வாசியாவது, நிஜமான ஒரு தலித் பெண் நாவலாசிரியர் தன் பேனாவையே சந்தேகித்ததற்குக் கொடுத்திருக்கலாமே? கொடுக்க மாட்டார்கள். காரணம் இருக்கு. 'நாவலில் வருவதெல்லாம் உண்மையில் நடந்ததா' என்ற அவர்களுடைய மூன்றாவது கேள்வியையே அந்தப் புத்தகம் காலி பண்ணிடுது. நடந்ததை நான் இப்படி ஆக்கினேன் என்று ஒரு தலித் சொன்னால், அவரை இனி வெறும் சாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது. ஆக்குகிறவராக ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கதான் சிக்குது.

இந்த இடத்தில் நம்ம தோழர்கள் சிலர் எழுந்திருப்பார்கள். வடிவம், உத்தி, அழகியல் இதெல்லாம் பார்ப்பனியச் சரக்கு, நமக்கு எதுக்கு, நம்ம எழுத்து சாட்சியம், அது போதும் என்பார்கள். தோழர்களே, சாட்சியம் சும்மா கொட்டுறதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? பறையைத் தீயில காட்டி, தோலு இறுகுற பதம் பார்த்து, விரலால தட்டிக் கேட்டுட்டுத்தானே அடிக்கிறாங்க. பதம் தப்பினா சத்தம் செத்துப் போகும். ஒப்பாரி வைக்கிற நம்ம ஆத்தாக்களைப் பாருங்க. செத்தவருக்கும் தனக்கும் என்ன உறவுன்னு வச்சு எங்க ஆரம்பிக்கணும், எந்த அடியைத் திருப்பிப் பாடணும், எங்க மூச்சை நிறுத்தணும்னு அவங்களுக்குத் தெரியும். துக்கமும் நிஜம், கணக்கும் நிஜம். சாதி நம்ம தலையில சுமத்தின வேலைக்குள்ளயே இவ்வளவு நுட்பத்தைப் பண்ணி வச்சிருக்கோம். கலையை அவங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துட்டு, வலியை மட்டும் நாம வச்சுக்கிட்டா, அவங்க கேள்வித்தாளை நாமளே அச்சடிச்சுக் கொடுக்கிற மாதிரிதான்.

இயக்கங்கள் நாவலாசிரியரிடம் கேட்கிற கேள்வியும் பல சமயம் அந்தத் தாளிலிருந்துதான் வருது. 1994ல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நடந்தது ஊரறிந்தது. ஆரோக்கியம் என்ற புதிரை வண்ணார் பெண், தலித் தெருவுக்கே துணி வெளுத்து, அந்தத் தெருவின் கையையே எதிர்பார்த்து நிற்கும் வாழ்க்கை. நமக்குள்ளே இருக்கும் மேல்கீழை வெளியே சொல்லலாமா, எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்று தலித் மேடைகளிலேயே கேட்டார்கள். ஆரோக்கியம் நம்மகிட்டக் கேட்டதுக்கு என்ன பதில்னு கேட்டவங்க குறைச்சல். நாவலை அறிக்கையாகப் படித்தால் இப்படித்தான் ஆகும். அறிக்கைக்கு எதிரி ஒருத்தன் போதும். நாவல் நம்ம வீட்டுக்குள்ளயும் நுழையும். நுழையாத நாவல் நமக்கு எதுக்கு? புதிரை வண்ணாரின் வயிற்றுப்பாட்டை மறைத்து வைத்துக் கட்டும் ஒற்றுமை, அடியில் ஆள் கிடக்கும் ஒற்றுமை.

பூமணியும் இமையமும் தங்களைத் 'தலித் எழுத்தாளர்' என்ற பெட்டியில் அடைப்பதை ஏற்றுக்கொள்வதில்லை. அது அவர்கள் உரிமை. அந்தப் பெயரைச் சுமக்கிறவங்களுக்கும் காரணம் இருக்கு, மறுக்கிறவங்களுக்கும் காரணம் இருக்கு. எனக்கு அந்தப் பெயர் வேணும், நான் அதை அரசியலாகவே வச்சுக்கிறேன். ஆனா மறுப்பைக் கேட்டுக் கைதட்டுற கூட்டத்தைக் கொஞ்சம் கவனிங்க. 'பாருங்கள், அவரே சாதியைத் தாண்டிவிட்டார்' என்று சான்றிதழ் எழுதுகிறவர்கள், மறுநாள் அதே எழுத்தாளரிடம் வந்து பின்புலத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எழுத்தாளர் பெட்டியை விட்டு வெளியே வந்தாலும் கேள்வி பெட்டியை விட்டு வரவில்லை.

அப்ப பின்புலமே கேக்கக் கூடாதான்னா, அப்படி இல்ல. நல்லாக் கேளுங்க, எல்லாரையும் கேளுங்க. பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர். பாமாவும் இமையமும் பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள். சிவகாமி ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து 2008ல் விலகியவர். சம்பளத்துக்கும் நாவலுக்கும் என்ன உறவு, எந்த நேரத்தில் எழுதினார்கள், வீட்டில் முதல் பேனா எப்போது வந்தது, அரசுப் பள்ளியும் இடஒதுக்கீடும் இல்லாமல் போயிருந்தால் இதில் எத்தனை நாவல் வந்திருக்கும் என்று கேளுங்கள். இதெல்லாம் எழுத்தோட பொருளாதாரம். கேட்டுட்டு அதே மூச்சில அந்தப் பக்கமும் திரும்புங்க. ஐயா, உங்க தாத்தா வீட்டு நூலகத்துக்குப் பணம் எந்த நிலத்திலிருந்து வந்தது? உங்க நாவல்ல வயக்காடு வருது, தென்றல் வருது, நாத்து நட்டவங்க ஏன் தூரத்துல புள்ளியா நிக்கிறாங்க? உங்க கதைசொல்லி ஊரைச் சுத்திப் பார்க்கிறார், எங்க தெரு முனையில வந்து ஏன் திரும்பிடுறார்? பின்புலம் இல்லாம வானத்திலிருந்து குதிச்ச நாவலாசிரியர் யாரும் இல்ல. பின்புலம் உள்ளவர்கள் நாம் மட்டும்தான் என்று நம்பவைத்திருப்பதே சாதியின் சாமர்த்தியம்.

இதில் நிஜமான ஆபத்தும் இருக்கு. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில ஹானர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி எழுத்துகளும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் நீக்கப்பட்டன. ஒரு மேற்பார்வைக் குழு தூக்கச் சொன்னது, தூக்கினார்கள். கண்டனம் எழுந்தது, எழத்தான் வேண்டும். ஆனால் கண்டித்தவர்களில் பெரும்பாலோரும் 'ஒடுக்கப்பட்டோர் குரலை நீக்காதே' என்றுதான் சொன்னார்கள். குரல்தான் என்றால், இன்னொரு குரலை வைத்து இட்டு நிரப்பிவிட்டோம் என்று சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். அனுபவத்தின் பிரதிநிதியாக உள்ளே விட்டவங்களை வெளியே அனுப்ப ஒரு கையெழுத்து போதும். இந்த எழுத்து இல்லாமல் இந்திய உரைநடையில் மொழியும் வடிவமும் எப்படி மாறின என்று பாடம் நடத்தவே முடியாது என்ற நிலையை நாம் உண்டாக்கியிருந்தால், நீக்குகிறவர்கள் கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும். அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் திறனாய்வாளர்கள். அவங்க செய்யல. அதனால அது மாணவர்கள் தலையில விழுந்திருக்கு.

எம்.ஏ., முனைவர் பட்டம்னு ஆய்வு செய்யும் தம்பிகளே, தங்கச்சிகளே, 'இன்னாரின் நாவல்களில் தலித் வாழ்வியல்' என்று இன்னொரு தலைப்பு வேண்டாம். நெறியாளர் அதைத்தான் கொடுப்பார், வாங்காதீங்க. 'கருக்கு'வில் சிரிப்பு எந்தெந்த இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். 'வெக்கை'யில் சொல்லாமல் விட்டதைப் பட்டியல் போடுங்கள். 'ஆசிரியர் குறிப்பு' முதல் நாவலை எங்கெங்கே வெட்டுகிறது என்று ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'கோவேறு கழுதைகள்' ஆரோக்கியத்தின் காலடியில் நின்றுகொண்டு ஊரைப் பார்ப்பதால் வாக்கியங்கள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். இந்த வேலையில வலி காணாம போயிடாது. அது எப்படி நம்ம நெஞ்சுக்குள்ள வந்து இறங்குச்சுங்கிறது அப்பத்தான் தெரியும்.

நம்ம நாவலாசிரியர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். மைக்கை நீட்டி ஊரைக் கேட்டா, ஒரு பதில் சொல்லிட்டு, 'இப்ப புத்தகத்தைக் கேளுங்க'ன்னு நிறுத்துங்க. எத்தனை தடவை அடிச்சுத் திருத்தினீங்க, எந்த அத்தியாயம் வராம அழ வச்சுது, எந்தச் சொல்லை ஊர்ல கேட்டு வாங்கினீங்கன்னு நீங்களே எழுதுங்க. உங்களுக்குப் பின்னால நாவல் எழுத உட்காரும் சேரிப் பிள்ளைக்கு உங்க அவமானம் ஏற்கெனவே தெரியும், அதுக்கும் அது நடந்துகிட்டுதான் இருக்கு. அதுக்குத் தெரியாதது நீங்க எழுதின விதம். அதைச் சொல்லிக் கொடுங்க.

அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து 'உங்கள் பின்புலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆரம்பித்தால், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரணும்: 'ஐயா, நாவலைப் படிச்சீங்களா? எத்தனாவது பக்கத்தைப் பத்திக் கேக்குறீங்க?'